இரண்டு வகுப்புக்கு வராவிட்டால்

இரண்டு வாரங்களுக்கு முன், ஞாயிறு காலை வகுப்பில், ஒரு பெண்ணை நான் மூன்று முறை திருத்தினேன். அதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

இலங்கை மலையகத்து ஹட்டனில் என் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் ஆங்கிலம் கற்பிப்பவள் நான். வெளிநாட்டில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகவிருப்பவர்களே என் மாணவிகள். துருக்கியின் தேயிலை மலையிலிருந்து எமினே; மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து, என்னைவிட இரண்டு வயது மூத்த புவனேஸ்வரி.

விழுவது, உடைவது, இறப்பது... தானாக நிகழும் இத்தகைய வினைகளில்தான் எமினே இடறுவார். யாரோ செய்ததுபோல ஒரு ‘வாஸ்’ (was) சேர்ந்துவிடும். என்னிடம் படித்த துருக்கியர் பலருக்கும் இதே தடுமாற்றம். விதி சொன்னால் தீர்வதில்லை; சொந்த வாழ்க்கையைச் சொல்லிச் சொல்லித்தான் படிகிறது. ஆகவே, வாரம் ஆளுக்கொரு வாக்கியம்.

அன்று எமினே, குவளை விழுந்ததைப் பிழையின்றிச் சொன்னார். வழக்கமாக, “தள்ளிவுட்டது யாருன்னு கேளுங்க டீச்சர்” என்று கிண்டல் செய்யும் புவனேஸ்வரி பேசாமல் இருந்தார். நான் கவனிக்கவில்லை.

அடுத்து அவர் முறை.

“மை சிஸ்டர் வாஸ் டைடு.”

“எமினேயின் நோய் உங்களுக்கும் தொற்றிவிட்டதா அக்கா? ‘வாஸ்’ வேண்டாம்” என்று சிரித்தேன்.

“மை சிஸ்டர் டைடு.”

“இன்னும் தெளிவாக.”

சொன்னார்.

“மறுபடி.”

சொன்னார். “வெரி குட்” என்றேன்.

எமினே சிரிக்கவில்லை. திரையை நெருங்கி, “வென்?” என்றார்.

“யெஸ்டர்டே.”

பிறகு என்னிடம் தமிழில் – “கொழுந்து எடுக்கிறப்ப குளவி கொட்டிருச்சுங்க டீச்சர். இன்னைக்கு மூணு மணிக்குத்தான் அடக்கத்துக்கு எடுக்கிறாங்க.”

“பின்னே ஏன்க்கா வகுப்புக்கு வந்தீங்க?”

“பெரட்டுக்குப் போகாட்டி அன்னைக்குப் பேர் இல்லைங்களே. நீங்களும் ரெண்டு தடவ வராட்டி பேரை வெட்டிருவேன்னு சொன்னீங்க. போன மாசம் ஒரு தடவ வரல. இப்ப அவ புள்ளைங்களும் என் கையிலதானே... இந்த வெளிநாட்டு வேலைய விட முடியுங்களா?”

விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி, அன்றைய கூலிக்குப் பெயர் பதியும் பெரட்டு எனக்கும் தெரியும். காய்ச்சலோடு அதற்கு ஓடியவர் என் அம்மா. அந்த அச்சத்தை அறிந்திருந்தும், ஒழுங்கு என்று பெயரிட்டு அதையே அல்லவா என் வகுப்பிலும் வைத்திருந்தேன்?

நேற்றைய வகுப்பில் நான் வருகைப் பதிவைத் திறக்கவில்லை. நேராகப் பாடத்துக்குப் போனேன்.

பாதி வகுப்பில் புவனேஸ்வரியின் குரல்.

“டீச்சர்... என் பேரைப் போட்டுட்டீங்களா?”