சர்வேயர் நிர்மலா வாங்காத கார்

பென்னாகரம் தாலுகாவில் நிர்மலா அளந்து நட்ட கல்லை யாரும் லேசில் பிடுங்குவதில்லை. பதினெட்டு வருடங்களாக அவர் அங்கே சர்வேயர். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் நின்று கத்திக்கொண்டிருக்கும் வரப்புக்குத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போவார். ஒரு மூலையிலிருந்து அளப்பார். பிறகு எதிர்மூலைக்குப் போய் அங்கிருந்து திரும்ப அளப்பார். இரண்டும் ஒத்துவந்தால்தான் கல். "எங்க தாத்தா காலத்துலேர்ந்து இங்கதாங்க" என்பவரிடம், "உங்க தாத்தா தப்பா நின்னிருக்காருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். சொன்னால் சொன்னதுதான்.

அதே மனிதர் இண்டூரில் தன் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் அவருடைய அளவு செல்லாமல் போய்விடுகிறது. எந்தச் சட்டத்தின்படி என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

விஷயம் ஒரு கார். போன வருடம் முதுகு வலிக்கு டாக்டரிடம் போனபோது, ஸ்கூட்டரை விட்டுவிட வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். இண்டூரிலிருந்து பென்னாகரம் ஒரு வழிக்கே இருபது கிலோமீட்டர் பக்கம் வரும். அங்கிருந்து அளக்கப் போகும் ஊர்கள் தனி. வீட்டில் எல்லோரும் கார் வாங்கச் சம்மதித்தார்கள். எந்தக் கார் என்பதில்தான் தகராறு.

ஓசூரில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தபோது, உடன் வேலை பார்க்கும் பானுமதி தன் காரை நிர்மலாவிடம் ஓட்டக் கொடுத்தார். பார்க்க நான்கு பேர் உட்காரும் சாதாரணச் சின்னக் கார். உள்ளே இருப்பது அதைவிடப் பெரிய வண்டியை இழுக்கக்கூடிய டர்போ இன்ஜின். முன்னால் ஒரு கிரானைட் லாரி போய்க்கொண்டிருந்தது. நிர்மலா மிதித்தார். லாரி பின்னால் போய்விட்டது. சாலையின் எதிர்ப்பக்கத்தில் வண்டி இரண்டு மூச்சு நேரம்கூட இருக்கவில்லை. பதினெட்டு வருடம் ஸ்கூட்டரில் லாரிப் புகையைத் தின்றவருக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று நான் அளந்து சொல்ல முடியாது. "சிரிச்சேன்" என்று மட்டும் சொன்னார். அவர் சிரித்ததைப் பார்த்தவர்கள் தாலுகா ஆபீசில் குறைவு.

அன்றிலிருந்து அதே மாதிரி பழைய கார் ஒன்றைத் தேட ஆரம்பித்தார். புதிதாக வாங்க வசதி இல்லை, அந்த மாடலும் இப்போது வருவதில்லை.

அந்தக் காருக்கு எதிராகச் சொல்ல நியாயமான காரணங்கள் உண்டு. பெட்ரோல் குடிக்கும். தரையோடு தாழ்ந்தது, நம் ஊர் வேகத்தடைகளில் அடிவயிறு உரசும். ஒரு பாகம் போனால் பெங்களூரிலிருந்து வர வேண்டும். இதையெல்லாம் சொல்லியிருந்தால் நிர்மலா உட்கார்ந்து கேட்டிருப்பார். கணவரின் அண்ணன் குப்புராஜ் சொன்னது வேறு. அவர் பக்கத்து வீடு. தக்காளியும் மரவள்ளியும் போடுகிறார், பங்காளிகளுக்குள் அவர் பேச்சு எடுபடும்.

"வூட்டுக்கு ஒரு வண்டி வருதுன்னா பத்து பேரு ஏறணும்மா. கல்யாணம், காது குத்து, ஆஸ்பத்திரி, இதுக்கெல்லாம் ஆவணும். இதுல நாலு பேரு ஏறுனா அஞ்சாவது ஆளு மடியில உக்காரணும்."

"நான் ஆபீஸ் போறதுக்கு வாங்கறேன் மாமா."

"ஆபீஸுக்கு எதுக்கு இவ்வளவு ஸ்பீடு? நீ போறதுக்குள்ள நெலம் எங்கயாவது ஓடிப்போயிருமா?"

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நிர்மலாவின் கணவர் மாதவராஜும் சிரித்தார். அவர் பென்னாகரத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர், சத்தம் போடாத மனிதர். அண்ணன் சிரித்தால் சிரிப்பார்.

"முந்தறப்ப சீக்கிரம் முந்திட்டா ஆபத்து கொறைவு மாமா" என்றார் நிர்மலா.

"முந்தவே முந்தாம போனா ஆபத்தே இல்லையே."

கடைசியில் நிர்மலா உண்மைக் காரணத்தைச் சொன்னார். "எனக்குப் புடிச்சிருக்கு."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. குப்புராஜ் போன வருடம் இரண்டாவது டிராக்டர் எடுத்தபோது பிடித்திருக்கிறது என்றுதான் எடுத்தார். முதல் டிராக்டரே பாதி நாள் கொட்டகையில் நிற்கிறது. அவரிடம் யாரும் காரணம் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

தர்மபுரியில் முருகேஷ் என்ற புரோக்கரிடம் அப்படி ஒரு கார் வந்திருந்தது. ஆட்டோமேட்டிக், சாம்பல் நிறம், மீட்டரில் நாற்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர். நிர்மலா பார்க்கப் போனார். மாதவராஜும் குப்புராஜும் கூடப் போனார்கள். முருகேஷ் பானட்டைத் திறந்து வைத்துவிட்டு இரண்டு ஆண்களையும் பார்த்து அரை மணி நேரம் பேசினார்.

"டைமிங் பெல்ட் எப்ப மாத்தினது?" என்று நிர்மலா கேட்டார்.

முருகேஷ் மாதவராஜைப் பார்த்து, "அதெல்லாம் சுத்தமா இருக்குங்க சார்" என்றார். மாதவராஜுக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது. பிறகு நிர்மலாவின் பக்கம் திரும்பி, "உள்ள ஏசி நல்லா கூலா இருக்கும் மேடம், உக்காந்து பாருங்க" என்றார்.

நிர்மலா உட்கார்ந்தார். பிடித்திருந்தது. அதுவும் ஒரு கொடுமைதான். ஆத்திரத்தோடு பார்த்தாலும் பிடித்தது பிடிக்காமல் போவதில்லை. திங்கட்கிழமை வரை வண்டியை வேறு யாருக்கும் காட்டுவதில்லை என்று பேசிவிட்டு வந்தார்கள்.

வரும் வழியில் குப்புராஜ் சொன்னார். "எதுக்கு நமக்குள்ள பேச்சு? சாமிகிட்ட பூ கேட்டுரலாம். குடுத்தா வாங்கிக்க, நான் வாய் தொறக்கல."

பூ கேட்பது இந்தப் பக்கத்து வழக்கம். பெண் பார்ப்பது, கிணறு வெட்டுவது, நிலம் வாங்குவது எதுவானாலும் குலதெய்வத்தின் முன்னால் இரண்டு பொட்டலம் வைப்பார்கள். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் செவ்வரளி. பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் வேண்டாம்.

நிர்மலா ஒப்புக்கொண்டார். இதை அவருடைய தவறு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தத் தவறுக்குள் ஒரு கணக்கு இருந்தது. வீட்டில் பேசினால் அவர் பக்கம் ஒருவர்கூட இல்லை. பூவிடம் போனால் பாதிக்குப் பாதி. பூவுக்கு ஆண் பெண் தெரியாது, அண்ணன் தம்பி தெரியாது. தன் மனிதர்களிடம் கிடைக்காத நடுநிலை தற்செயலிடம் கிடைக்கும் என்று ஒருவர் நம்ப வேண்டி வந்தால், வெட்கப்பட வேண்டியது அவர் இல்லை.

வெள்ளிக்கிழமை காரிமங்கலம் பக்கத்திலிருக்கும் குலதெய்வக் கோயிலுக்குப் போனார்கள். பொட்டலங்களை வீட்டிலேயே கட்டி எடுத்து வந்திருந்தார்கள். காகிதத்தில் மடித்து, நூல் சுற்றி, பார்க்க ஒன்றுபோலவே இருந்தன. பூசாரி கற்பூரம் காட்டி, கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். பிரித்தார். செவ்வரளி.

"சரி, விடும்மா. அதது அப்படித்தான்" என்று குப்புராஜ் மற்ற பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நிர்மலா அழவில்லை. உண்மையில் அந்த நிமிடம் அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்றே சொன்னார். ஆனால் கை வேலைப் பழக்கத்தை விடவில்லை. ஒரு மூலையிலிருந்து மட்டும் அளந்தது அளவாகாது.

"மாமா, அந்தப் பொட்டலத்தைக் குடுங்க."

"அது எதுக்கும்மா இப்ப?"

"பாத்துட்டுத் தர்றன்."

"வந்ததுதான் வந்துருச்சே. சாமி சொன்னதுக்கு மேல என்னா இருக்குது?"

"வெள்ளைப் பூவைத்தானே கேக்கறன். வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

பூசாரியும் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் கொடுக்க வேண்டியதாயிற்று. நிர்மலா நூலைப் பிரித்தார். அதிலும் செவ்வரளி.

பூசாரி விளக்குத் திரியைத் தூண்ட உள்ளே போய்விட்டார். குப்புராஜ் தொண்டையைச் செருமினார். "வெள்ளைப் பூ கெடைக்கலம்மா. காத்தால எங்க தேடறது?"

"அப்படின்னா ரெண்டுலயும் சிவப்பைக் கட்டி எடுத்தாந்து சாமி முன்னால வெப்பீங்களா?"

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

நிர்மலா கணவரைப் பார்த்தார். மாதவராஜ் தரையைப் பார்த்தார். அவருடைய சங்கத்தில் ரசீதுக் கட்டுகளை நூலால் கட்டுவார்கள், இரண்டு சுற்று சுற்றி நுனியை உள்ளே செருகி. பொட்டலங்களிலும் அதே கட்டு.

பதினாறு வருடம் கூட வாழ்ந்தவருடைய முடிச்சு ஒருவருக்குத் தெரியாதா?

எனக்குக் கோபம் வருவது ஏமாற்றியதற்காக மட்டும் இல்லை. "வாங்காதே" என்று நேராகச் சொல்லியிருக்கலாம். அவர் எதிர்த்துப் பேசியிருப்பார், சண்டை நடந்திருக்கும், அது மனிதர்களுக்குள் நடப்பது. அவர்கள் அந்தச் சண்டைக்குக்கூட அவரைத் தகுதியாக நினைக்கவில்லை. தங்கள் வாயால் சொல்லத் தைரியம் இல்லாததைச் சாமியின் வாயில் வைத்தார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. நிர்மலா யாரையும் கூப்பிடாமல் தர்மபுரிக்குப் போய், முருகேஷிடம் காரைக் கொஞ்ச நேரத்துக்குக் கேட்டு வாங்கி, மெக்கானிக் நசீருதீனின் பட்டறைக்கு ஓட்டிப் போனார். வெள்ளிக்கிழமைக்கு முன்பே பேசி வைத்திருந்த சோதனை அது. வாங்கிவிடும் முடிவோடுதான் போனார். வேண்டுமென்றே, அவர்கள் முகத்தில் அடித்த மாதிரி வாங்குவது என்று.

நசீருதீன் அரை மணி நேரம் வண்டியைச் சோதித்தார். ஒரு சுற்று ஓட்டினார். கீழே படுத்துப் பார்த்தார். ஒரு கருவியைச் செருகிப் படித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நிர்மலாவைப் பார்த்துச் சொன்னார்.

"வேணாம் மேடம்."

"ஏன் பாய்?"

"மொதல் கியர்லேர்ந்து ரெண்டாவதுக்குப் போறப்ப வெட்டி இழுக்குது. கியர் பாக்ஸ் இன்னும் ஆறு மாசம் தாங்கினா பெரிய விஷயம். மீட்டர்ல நாப்பத்தெட்டாயிரம். கியர் பாக்ஸ் கம்ப்யூட்டர்ல ஒரு லட்சத்து இருபதாயிரம். பிரேக் பெடல் ரப்பரைத் தடவிப் பாருங்க, தேஞ்சு வழவழன்னு இருக்கும்."

நிர்மலா குனிந்து தடவிப் பார்த்தார். அப்படித்தான் இருந்தது.

பட்டறை ஸ்டூலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வாங்கினால், அது குப்புராஜ் மேலுள்ள கோபத்துக்காக வாங்கிய ஓட்டைக் கார். வாங்காவிட்டால், பூ பலித்துவிட்டது. அவருடைய வேண்டும் என்பதைத் தடுக்கத்தான் பொட்டலம் கட்டினார்கள். இப்போது அவருடைய வேண்டாமும் அவருடையதாக இல்லாமல் போய்விட்டது.

நசீருதீனுக்குப் பூ கதை தெரியாது. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "எதுக்கு இப்படி உக்காந்திருக்கீங்க?" என்றார்.

"இந்த மாதிரி வண்டியே நமக்கு ஆகாதுன்னு சொல்றீங்களா பாய்?"

"நான் எப்ப அப்படிச் சொன்னன்? இந்த வண்டி வேணாம்னன். அந்தக் கம்பெனி இன்ஜின் நல்லாத்தான் இருக்கு, இது ஓட்டுனவன் கையில கெட்டது. கியர் நாம போடற மாதிரி மேனுவல்ல தேடுங்க. கெடைச்சா சொல்லுங்க, நான் வந்து பாக்கறன். பெட்ரோல் குடிக்கும், அதை இப்பவே சொல்லிட்டன். அப்பறம் என்னைத் திட்டக் கூடாது."

அந்த ஒரு வாரத்தில் ஒரு மனிதர் நிர்மலாவிடம் காரைப் பற்றி நேராகப் பேசியது அப்போதுதான்.

முருகேஷிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினார். "அந்தக் கார் வேணாம்னு சொல்லிட்டன். கியர் பாக்ஸ் போயிருச்சு, மீட்டரைத் திருப்பியிருக்கான்" என்றார்.

குப்புராஜ் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "பாத்தியா? சாமி சும்மாவா சொல்லும்?"

"சாமி எங்க மாமா சொல்லுச்சு? நீங்க சொன்னீங்க. கியர் பாக்ஸைப் பாத்தது நசீர் பாய்."

"யாரு மூலமா வந்தா என்னா? காப்பாத்துச்சா இல்லையா?"

"ஓசூர்ல அதே மாதிரி வண்டி ஒண்ணு, மேனுவல், இருக்குதுன்னு பானுமதி சொன்னாங்க. புதன்கிழமை லீவு போட்டிருக்கன்."

"அப்ப அதுக்கும் பூ கேட்டுரலாம்."

"கேளுங்க. நீங்க கட்டி முடிக்கறதுக்குள்ள நான் போயிட்டு வந்துடறன்."

புதன்கிழமை நசீருதீனோடு போனார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கத்திலிருந்து பார்த்தார்கள். வண்டி நன்றாக இருந்தது. வாங்கினார். தன் பெயரில்.

நல்ல முடிவா என்று என்னைக் கேட்டால், இன்னும் சொல்லத் தயாராக இல்லை. அடகப்பாடி தாண்டி ஒரு வேகத்தடையில் தினமும் உரசுகிறது. பெட்ரோல் செலவைப் பற்றி அவரே வாயைத் திறப்பதில்லை. அது அவருடைய முடிவு என்பது மட்டும் சந்தேகமில்லாமல் தெரிகிறது, அவ்வளவுக்குப் பாராட்டலாம்.

குப்புராஜ் மாறவில்லை. உறவுக்காரர்கள் வரும்போதெல்லாம், கெட்ட காரைச் சாமி தடுத்து நல்ல காரைக் கொடுத்தது என்று சொல்கிறார். அவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நிர்மலா ஒவ்வொரு தடவையும் குறுக்கிட்டு, "ரெண்டு பொட்டலத்துலயும் செவ்வரளி" என்கிறார். அவர்கள் இவர் ஏதோ வீம்புக்குச் சொல்வதாக நினைத்துக் குப்புராஜைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள்.

வீட்டில் அதை உறுதி சொல்லக்கூடியவர் ஒருவர்தான். கார் வந்த மறுநாள் காலையில் மாதவராஜ் சாப்பாட்டுப் பையோடு முன்கதவைத் திறந்தார். இருவருக்கும் வேலை பென்னாகரத்தில்தானே.

"எங்க?" என்றார் நிர்மலா.

"ஆபீஸுக்குத்தான்."

"உங்க அண்ணன் நாலு பேர் இருக்கறப்ப பூ கதையைச் சொல்லுவாரில்ல? அப்ப எழுந்திருச்சு, ரெண்டையும் நான்தான் கட்டினேன்னு சொல்லுங்க. அடுத்த நாள்லேர்ந்து ஏறிக்குங்க."

"அவரு பெரியவரு, நிர்மலா."

"சரி. பஸ்ஸு எட்டு இருவதுக்கு."

எட்டு மாதம் ஆகிறது. மாதவராஜ் எட்டு இருபது பஸ்ஸில், பெரும்பாலும் நின்றுகொண்டு போகிறார். நிர்மலா எட்டரைக்குக் கிளம்புகிறார். பாதி வழியில் அந்தப் பஸ்ஸைப் பிடித்துவிடுவார். எதிரில் வண்டி இல்லையா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்து, கியரைக் குறைத்து, முந்திப் போய்விடுவார்.