எங்கள் கம்பனியின் முதல் டெண்டர்

அரசாங்க வேலைகளில் தனியார் கம்பனிகளுக்கு இருக்கும் வாய்ப்புகள் பற்றிக் கிளிநொச்சியில் ஒரு விளக்கக் கூட்டம் வைத்தார்கள். சண்டை நின்றிருந்த சமாதான காலம் அது. வெளிநாட்டுக் காசு வருகிறது, வீதி வருகிறது, பாலம் வருகிறது என்று எங்கு பார்த்தாலும் இதே கதை. எங்கள் பக்கத்திலோ தனியார் கம்பனி என்று சொல்லக்கூடிய ஒன்றை நான் கண்ணால் கண்டதில்லை. ஆகவே கூட்டத்துக்கு மேசன்மார் வந்தார்கள், பளையிலிருந்து இரண்டு தச்சர்மார் வந்தார்கள், சொந்தமாகத் தண்ணீர்ப் பவுசர் லொறி வைத்திருந்த ஒருவர் வந்தார், சாப்பாட்டுப் பார்சல் தருகிறார்களாம் என்று கேள்விப்பட்டும் சிலர் வந்தார்கள். என் மனிசனும் மேசன்தான். படிவம் என்றால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். அதனால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

கொழும்பிலிருந்து வந்திருந்த அதிகாரி சுவரில் படம் விழுத்தி விளக்கினார். 'வெளிப்படைத்தன்மை' என்ற இடத்துக்கு அவர் வந்தபோது ஜெனறேற்றர் நின்று படம் மறைந்துவிட்டது. மிச்சத்தை வாயால் சொன்னார். கம்பனியைப் பதிவு செய்ய வேண்டும், கடிதத் தாள் அடிக்க வேண்டும், றப்பர் சீல் செய்ய வேண்டும், பிறகு அரசாங்கம் கேட்கும் வேலைக்கு விலை எழுதி ஒட்டிய கடித உறையில் கொடுக்க வேண்டும். இவ்வளவுதானா என்று எனக்குத் தோன்றியது. உயர்தரத்தில் வர்த்தகம் படித்துவிட்டுக் குசினியில் புகை குடித்துக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்கே உள்ளங்கை அரிக்கத் தொடங்கியது.

அரிப்புக்கு இன்னொரு காரணமும் இருந்தது. என் மனிசன் கட்டாருக்குப் போவதாக இருந்தார். பாஸ்போட் எடுத்து, ஏஜென்சியில் பெயர் கொடுத்து, மருத்துவப் பரிசோதனையும் முடித்தாயிற்று. எங்கள் மகளுக்கு அப்போது நாலு வயது. கூட்டம் முடிந்து சைக்கிளில் வரும்போது அவரே சொன்னார்.

"இஞ்சேரும், ஒரு கொந்தராத்து கையில வந்தால் நான் ஏன் அங்க போறன்? ஒண்டு கிடைக்கட்டும், பாஸ்போட்டை அலுமாரியில வச்சுப் பூட்டிப்போடுவன். கிடைக்காட்டி மட்டும் என்னை மறிக்காதையும்."

நானும் ஓம் என்றேன்.

அடுத்த மாதமே ஒரு டெண்டர் அறிவித்தல் வந்தது. ஸ்கந்தபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், வாய்க்காலுக்கு மேலே வீதியைத் தாங்கியிருந்த மதகு உடைந்து எத்தனையோ வருடம். மாரி வந்தால் நெல் மூட்டையோடு போகும் உழவு இயந்திரங்கள் அதற்குள் இறங்கி அப்படியே குந்திக்கொள்ளும். இழுக்கப் போன உழவு இயந்திரமும் பக்கத்தில் குந்தும். அந்த மதகைத்தான் புதிதாகக் கட்டக் கேட்டிருந்தார்கள். என் மனிசனுக்கு வாயெல்லாம் பல்.

கம்பனியைப் பதிவு செய்துவிட்டு, ஒரு கிழமை முழுக்கப் படிவம் நிரப்பினேன். 'கம்பனியின் தலைமை அலுவலகம்' என்ற இடத்தில் எங்கள் விறாந்தையின் விலாசத்தை எழுதினேன். அங்கே ஒரு மேசையும் ஒன்றரைக் கதிரையும் இருந்தன. 'முகாமைப் பணிப்பாளர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப நான் ஆர்?" என்று கேட்டார். "நீங்கள் தொழில்நுட்பப் பிரிவு" என்றேன். 'இயந்திரங்கள்' என்ற இடத்தில் ஒரு தள்ளுவண்டில், ஒரு நீர்ப்பம்பி, தம்பி முறையான ஒருவரிடம் கேட்டால் தரக்கூடிய இரண்டு சில்லு உழவு இயந்திரம் என்று வந்தது. கடைசியில் சொன்னதில் 'கேட்டால்' என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

பெரிய இடைஞ்சல் அனுபவம்தான். கடந்த ஐந்து வருடங்களில் செய்த முக்கியமான கட்டுமானங்களை எழுதட்டாம். கடந்த ஐந்து வருடங்களில் என் மனிசன் இரண்டு கிணறு கட்டினார், ஏழு மலசலகூடம் கட்டினார், மற்றபடி அக்கம்பக்கத்துச் சனத்துக்கெல்லாம் குண்டுக்கு ஒளிக்கப் பங்கர் வெட்டிக் கொடுத்தார். பங்கரில் அவரை அடிக்க ஆளில்லை. பனங்குற்றி அடுக்குவதில் அவருக்கென்று ஒரு முறையே இருந்தது. யோசித்துப் பார்த்து, 'நிலக்கீழ்க் கட்டுமானங்கள், பல' என்று எழுதினேன். இடிந்துவிட்டது என்று எவரும் முறைப்பாடு செய்ததில்லை என்பதையும் சேர்க்க நினைத்தேன், இடம் காணாது.

டெண்டர் பெட்டி வவுனியாவில் ஒரு திட்ட அலுவலகத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குப் பெட்டியை மூடி, அங்கேயே திறப்பார்கள். இந்த 'இரண்டு மணி' என்பதை விளக்கவேண்டும். அந்த நாளில் எங்களுக்கு இரண்டு நேரம். அரசாங்கம் சில வருடங்களுக்கு முன் நாட்டின் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளிவிட்டது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த எங்கள் பக்கம் தள்ளவில்லை. ஆகவே கிளிநொச்சியில் பழைய நேரம், ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டினால் புது நேரம், அரை மணித்தியாலம் கூட. கலியாண வீட்டுக்குச் சொல்லும்போதும் 'பழைய நேரம் பத்து மணி' என்றுதான் சொல்லுவார்கள். எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் இந்தக் கணக்குத் தெரியும். எனக்குத் தெரியாதா? வியாழன் பின்னேரமே என் கைமணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிப் புது நேரத்துக்கு வைத்து, சாமிப்படத்துக்கு முன்னால் டெண்டர்ப் பத்திரத்தோடு சேர்த்து வைத்தேன்.

காலையில் பஞ்சாங்கம் பார்த்துச் சுபநேரத்தில் வெளிக்கிட்டோம். பஸ் ஏறி, இந்தப் பக்கச் சோதனை, அந்தப் பக்கச் சோதனை எல்லாம் முடித்தோம். ஒட்டி அரக்கு வைத்த உறையை ஆமிக்காரர் பிரிக்கச் சொல்லுவார்கள் என்று தெரியும். அதனால் எங்கள் பக்கத்து ஆட்கள் டெண்டரைத் திறந்தபடியே கொண்டுபோய், வவுனியாவில் வைத்துத்தான் ஒட்டுவார்கள். நாங்கள் ஒட்டுவதற்குத் தெரிந்த இடம், சீமெந்துக்கும் கம்பிக்கும் எங்களுக்கு விலை எழுதித் தந்த முஸ்லிம் வியாபாரி நானாவின் கடை. அவர் முல்லைத்தீவுக்காரர். இடம்பெயர்ந்து வந்து வவுனியாவில் கடை போட்டு, இப்போது ஒரு கால் இங்கேயும் ஒரு கால் ஊர்க் காணியிலுமாக நின்றுகொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை என்பதால் அவர் ஜும்மாவுக்குப் போயிருந்தார், கடை பூட்டு. வாசலில் நின்றோம். அவர் வந்து கதவைத் திறந்தபோது என் மணிக்கூட்டில் ஒரு மணி.

"என்ன தங்கச்சி, வெயிலுக்க நிக்கிறியள்? டெண்டரோ? இருங்கோ, முதல்ல தேத்தண்ணி குடிப்பம்" என்றார் நானா.

ஒரு மணித்தியாலம் இருக்கிறதே என்று இருந்தோம். அலுவலகம் பத்து நிமிட நடை. தேத்தண்ணீர் வந்தது. மெழுகுதிரி கொளுத்தி அரக்கை உருக்கினேன். என் கை எரிந்ததைத் தவிர வேலை திறமாகத்தான் நடந்தது. உறையை அப்படி வைத்துவிட்டு அரக்கைக் காயவிடும் நேரத்தில், என் மனிசன் சட்டைப்பையிலிருந்து ஒரு கடதாசிச் சரையை எடுத்துப் பிரித்து, உறையின் நாலு மூலையிலும் மஞ்சள் பூசிவிட்டார்.

"என்னப்பா செய்யிறியள்? அரசாங்கக் கடிதத்துக்கு மஞ்சளோ?"

"நல்ல காரியம்தானே. வெறுமனே குடுக்கேலுமோ?"

உறையில் எந்த அடையாளமும் இருக்கக்கூடாது என்று படிவத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. நான் சேலைத் தலைப்பால் துடைத்தேன். மஞ்சள் பரவி, மூலையில் இருந்தது முழு உறைக்கும் வந்தது. கடைசியில் நானா புது உறை ஒன்று தந்தார். மறுபடி அரக்கு. நானா பக்கத்தில் இருந்த வானொலியைப் போட்டார். இரண்டு சினிமாப் பாட்டுப் போனது. பிறகு ஒரு பெண் குரல், "நேரம் பிற்பகல் இரண்டு மணி" என்றது.

என் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்றரை.

அதற்குப் பிறகு நாங்கள் ஓடிய ஓட்டத்தை வவுனியாச் சந்தைச் சனம் கொஞ்சக் காலம் கதைத்திருக்கும். ஒரு செருப்பு அறுந்தது, அதைக் கையில் எடுத்தேன். அலுவலகத்துக்குள் நுழைந்தபோது ஒரு கிளாக்கர் பெட்டியின் வாயில் வெள்ளைத் தாளை வைத்துப் பசையைத் தடவிக்கொண்டிருந்தார். பசை இன்னும் ஈரம்.

"பெட்டி மூடியாச்சு அக்கா."

"தம்பி, பசை காயேல்லை!"

"பசை காயாட்டிலும் நேரம் போட்டுது. இரண்டு ஆறு."

என் மனிசன் முன்னுக்கு வந்தார். "எங்கட நேரத்தில இப்பதான் ஒண்டரை" என்றார்.

"அப்ப உங்கட பக்கத்தில ஒரு பெட்டி வையுங்கோ" என்றார் கிளாக்கர். அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். என் மனிசனின் முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்கு அந்தக் கிளாக்கரின் தலையில் பசைப் போத்தலைக் கவிழ்க்கவேண்டும் போல் இருந்தது.

பெட்டியைத் திறப்பதை நின்று பார்க்கலாம் என்றார்கள். நின்றோம். மூன்று அதிகாரிகள் கதிரைகளில் வந்து அமர்ந்து, பூட்டைப் பரிசோதித்து, குறிப்பேட்டில் ஏதோ எழுதி, மெத்தப் பயபக்தியோடு பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஒரேயொரு கடிதம். எடுத்துப் பிரித்தார்கள். தன் ஓய்வூதியம் மூன்று மாதமாக வரவில்லை என்று யாரோ ஒரு பெரியவர் எழுதியிருந்தார். தபால் பெட்டி என்று நினைத்துப் போட்டிருக்கிறார்.

டெண்டர் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் வந்து மதகு கட்ட எந்தக் கம்பனிக்கும் விருப்பமில்லை. உலகத்திலேயே அந்த மதகைக் கட்ட விரும்பிய ஒரே கம்பனி, அறுந்த செருப்பும் ஒட்டிய உறையுமாக அவர்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது.

"ஐயா, வேற ஒருத்தரும் இல்லைத்தானே. இதை எடுங்கோவன்" என்று உறையை நீட்டினேன்.

நடுவில் இருந்தவர் நல்ல மனிதர். உண்மையாகவே கவலைப்பட்டார். "பிள்ளை, பிந்தி வந்த மனுவை ஏற்கேலாது. மனு ஒன்றும் கிடைக்கவில்லை எண்டுதான் நாங்கள் எழுதவேணும்" என்றார். அப்படியே எழுதி, என் உறைக்கு அரை முழம் தள்ளிவைத்துக் கையெழுத்தும் போட்டார். மறுபடி டெண்டர் கேட்பதற்குள் வருடம் முடிந்து, ஒதுக்கிய காசு திரும்பிப் போய்விட்டது. ஓய்வூதியக் கடிதம் உரிய இடத்துக்கு அனுப்பப்பட்டதாகக் கேள்வி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஓமந்தை வரைக்கும் அறுந்த செருப்பைக் கட்டிக்கொண்டு வந்தேன். பிறகு நான் கேட்டேன்.

"மணிக்கூட்டை ஆர் தொட்டது?"

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். "விடியக் கும்பிடேக்க பாத்தன். அரை மணித்தியாலம் கூட ஓடிக்கொண்டு கிடந்தது. சுபநேரம் பிழைச்சுப்போகும் எண்டு நான்தான் சரியாக்கி வச்சனான். நீர் மாத்தினதை எனக்குச் சொன்னனீரோ?"

சொல்லவில்லைத்தான். முகாமைப் பணிப்பாளர் தொழில்நுட்பப் பிரிவுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருப்பாரா என்ற திமிர். அவரும் சொல்லவில்லை. மணிக்கூடு ஒன்றைச் சரியாக்கியதை மனிசிக்கு அறிவிக்கவேண்டுமா என்ற திமிர். சுபநேரத்தில் வெளிக்கிட்டு வேலையைக் கோட்டை விட்டதற்கு இவ்வளவுதான் விளக்கம்.

தைப்பொங்கல் முடிந்து அவர் கட்டாருக்குப் போனார். மறிக்கக்கூடாது என்று பேச்சு, நான் மறிக்கவில்லை. பயணப் பெட்டிக்குள் ஊறுகாய்ப் போத்தலையும் அவருடைய மேசன் மட்டத்தடியையும் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். அழுதால் வாக்கு மாறினமாதிரி ஆகிவிடும் என்று வீம்புக்குக் கோழிக்குத் தீன் போடப் போய்விட்டேன். இன்றைக்கும் அந்த வீம்பை நினைத்தால் எனக்கு என்மேல் கோபம் வரும்.

அடுத்த வருடம் சித்திரை மாதம், அரசாங்கம் தன் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்தது. அவ்வளவு காலமும் நாங்கள் பிடிவாதமாக வைத்திருந்த நேரத்துக்கே முழு நாடும் வந்து சேர்ந்தது. கட்டாரிலிருந்து அவர் போனில், "பாத்தீரோ, கடைசியில ஆற்ற நேரம் சரி?" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அதே மதகுக்கு மறுபடி டெண்டர் வந்தது. தனியாகப் படிவம் நிரப்பினேன். தனியாக வவுனியாவுக்குப் போனேன். காலை ஒன்பதுக்கே பெட்டியில் போட்டுவிட்டு, இரண்டு மணி வரைக்கும் அதற்குப் பக்கத்திலேயே மர வாங்கில் குந்தியிருந்தேன். அதே கிளாக்கர் பசையோடு வந்து, "அக்கா, இந்த முறை காவலுக்கோ?" என்றார். பெட்டிக்குள் எங்களுடையது மட்டும்தான் இருந்தது.

ஆடி மாதம் கடிதம் வந்தது. எங்கள் கம்பனியின் பெயர், மதகின் பெயர், 'தங்கள் விலைமனு ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்ற வரி, கீழே சீல். அவருக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. அன்றைக்குத்தான் கிளிநொச்சிக் கொமினிகேசன் கடைக்குப் போன் எடுப்பார். மகளையும் கூட்டிக்கொண்டு போய்க் காத்திருந்து, மணியடித்ததும் ஹலோகூடச் சொல்லாமல் கடிதத்தை முதல் எழுத்திலிருந்து வாசித்தேன்.

 முடித்ததும் மறுமுனையில் அவர் கடகடவென்று தொடங்கினார்.

"முதல்ல மேற்குப் பக்கம் மண் அணை போட்டுத் தண்ணியைத் திருப்பவேணும். கல்லு அக்கராயன் பக்கத்தால எடுக்கலாம். அத்திவாரத்தை அவங்கட பிளானில போட்டதிலும் ஒரு அடி கூட இறக்கவேணும், அந்த மண் களி. கம்பி கட்டேக்க நான் பக்கத்தில நிக்கவேணும், பொடியள் இடைவெளியைக் கூட்டிப்போடுவாங்கள்..."

அணை போட்டார், அத்திவாரம் வெட்டினார், பலகை அடித்தார், கொங்கிறீற் கொட்டினார். முழு மதகையும் போனிலேயே கட்டி, கொங்கிறீற் இறுக ஏழு நாள் தண்ணீரும் விட்டார். நான் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டு நின்றேன். தண்ணீர் விட்டு முடித்ததும் அவரே நிறுத்தினார்.

"இஞ்சேரும்... அப்ப ஆர் கட்டுறது?"

 கொமினிகேசன் கடைக்காரர், வரிசையில் நின்ற சனம், என் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த மகள் எல்லோருக்கும் முன்னால், ஒன்றரை வருடத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன்.

"வாங்கோவன். எனக்கு ஏலாமல் கிடக்கு. வந்திடுங்கோ."

"பாஸ்போட் முதலாளியிட்டக் கிடக்கு" என்றார். அவருடைய போன் காட் முடிந்து லைன் அறுந்தது. அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முன் சண்டை மறுபடி தொடங்கி, ஓமந்தையில் பாதையைப் பூட்டிவிட்டார்கள்.