ஏழாவது வீட்டுச் சாம்பல்

நான் ஒன்பது கொலைகளும் ஆறு கொலை முயற்சிகளும் செய்தவன். அத்தனையும் மல்லிகைச் செடிகள். அதனால் எந்தப் போலீஸ்காரரும் இதுவரை என்னைத் தேடி வரவில்லை. யாராவது வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

யுத்த காலம் அது. திருத்தணி ரயில் நிலையத்தில் நான் கூட்ஸ் குமாஸ்தா. மலையடிவாரத்துத் தெரு ஒன்றில் குடியிருந்தேன். எங்கள் வரிசையில் ஏழெட்டு வீடுகளுக்கும் பொதுவாக ஒரே கிணறு. 'வீட்டுக்கு வீடு காய்கறி பயிரிடுங்கள்' என்று சர்க்கார் நோட்டீஸ் ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருந்தது. அதைப் படித்தவர்கள், படிக்கத் தெரியாதவர்கள் எல்லோருமே புழக்கடையைக் கொத்தி எதையாவது நட்டு வைத்திருந்தார்கள். சித்திரை பிறந்ததும் கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விடும். ஒருவர் நாலு வாளி இறைத்தால் ஊறுவதற்காக அடுத்தவர் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்த சாயங்காலங்களில்தான் எங்கள் தோட்ட வைத்திய சபை நடந்தது.

"என்னாத்துக்கு டீச்சரம்மா இந்தப் புடலைப் பிஞ்செல்லாம் வெம்பி வெம்பி உழுவுது?"

"வெயில் நேரா அடிக்குது இல்ல, அதான். தென்னங்கீத்து ரெண்டு மேல போடுங்க. சாயங்காலம் ஊத்துங்க, மத்தியானம் ஊத்தாதீங்க. வேரு வெந்துபோயிடும்."

இப்படிச் சொன்னவர் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போதுகூட வழியில் யார் வீட்டு வேலியிலாவது பழுத்த இலை தெரிந்தால் நின்று கிள்ளிப் போட்டுவிட்டுத்தான் போவார். அவருக்கு எதிர்க்கட்சி, நகரிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த தெலுங்கு அத்தை. டீச்சரம்மா வேப்பங்கொட்டைத் தண்ணீர் என்றால் அத்தை புளித்த மோர் என்பாள். இருவரும் சொன்னதைக் கலந்து ஊற்றிவிட்டு யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் முழித்தவர்கள் உண்டு.

சபையில் அதிகமாகப் பேசியவன் நான். என் தோட்டம் என்பது ஒரு பாகல் கொடியும் ஒரு கத்திரிச் செடியும். அந்தச் செடி அந்த வருஷம் ஒரே ஒரு காய் காய்த்தது. அதில் பாதியை அணில் தின்றது. மீதியை அணிலுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் ஊரிலுள்ள செடிகளுக்கெல்லாம் நான் யோசனை சொன்னேன். "பூசணியில பூ கொட்டுதா? அதுகிட்ட கொஞ்சம் அன்பா பேசுங்க" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்க வைத்துவிட்டால் தண்ணீர் முறையில் என்னைக் கொஞ்சம் முன்னால் விடுவார்கள். விஷயம் அவ்வளவுதான்.

நாலாவது ஆள் நைனா. பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்து குடியேறிய தறிக்காரர். ஐம்பது வயதிருக்கும். தெருவே அவரை நைனா என்றுதான் கூப்பிடும். அவருடைய புழக்கடையில் கத்திரி, வெண்டை எதுவும் கிடையாது. பதினைந்து மல்லிகைப் புதர்கள் மட்டும். முந்தின வருஷம் அவர் மகளுக்கு விஷ ஜுரம் வந்து இருபத்தோரு நாள் கண் திறக்காமல் கிடந்தாள். பிழைத்தால் ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குப் புஷ்பக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார். கடையில் வாங்கிய பூவில்லை. தன் கையால் வைத்து, தன் கையால் தண்ணீர் ஊற்றி, தன் கொல்லையில் பூத்த பூ. மகள் பிழைத்தாள். மறுமாதமே பதியன்களை வாங்கி வந்து நட்டுவிட்டார்.

வைகாசிக் கடைசியில் அந்த மல்லிகைக்கு மாவுப்பூச்சி வந்தது. இலைக்கு அடியிலெல்லாம் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டு, மேலே எறும்பு ஊர்ந்தது. நைனா கிணற்றடியில் ஒரு கிளையை ஒடித்துக் கொண்டுவந்து காட்டினார்.

"ஏழு வீட்டு அடுப்புச் சாம்பல் போடு" என்றாள் அத்தை உடனே. "எங்க ஊர்ல அப்டித்தான். ஒரே நாள்ல ஏழு வீட்ல கேட்டு வாங்கணும். பொழுது சாயறதுக்குள்ள வாங்கிடணும். கேட்ட வீட்ல இல்லைன்னு சொல்லக் கூடாது. ஒரு அடுப்பு இல்லைன்னுட்டா மொத்தமும் பழுது."

"சாம்பல் சாம்பல்தானே, அதுக்கு எதுக்கு ஏழு வீடு?" என்று டீச்சரம்மா சிரித்தார். ஆனால் மறுநாள் காலையில் முதல் கைச் சாம்பல் கொடுத்தது அவர்தான்.

இங்கேதான் என் வத்தக் குழம்பு குறுக்கே வந்தது.

பங்குனியிலேயே என் மனைவி தலைப்பிரசவத்துக்கு மணவூருக்குத் தாய்வீடு போய்விட்டாள். நான் மூன்று வேளையும் ஸ்டேஷன் பக்கத்து ஓட்டலில்தான் சாப்பிட்டேன். அதைச் சொன்னால் மானம் போய்விடுமா என்ன? போகாது. ஆனால் முதல் வாரமே யாரோ, "சாப்பாட்டுக்கு என்னா பண்றே?" என்று கேட்டபோது, "நானே சமைக்கிறேன், நேத்துகூட வத்தக் குழம்பு" என்று சொல்லிவிட்டேன். அத்தை புளி எவ்வளவு போட்டாய் என்று கேட்டாள். "ஒரு தேங்காய் அளவு" என்றேன். தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார்கள். எனக்கு உண்மையிலேயே தெரியாது. "உன் வீட்ல புகையே வர்லியே?" என்று இன்னொரு நாள் கேட்டாள். "கரி அடுப்பு அத்தை. புகையாது" என்றேன். இரண்டு மாதமாக அந்த அடுப்பில் ஒரு பூனை குட்டி போட்டு வளர்த்துக்கொண்டிருந்தது.

சாம்பல் கேட்ட அன்று காலை எட்டு மணிக்கு நைனா என் கொல்லைக் கதவருகே வந்து நின்றார். கையில் முறம். அதில் ஆறு வீட்டுச் சாம்பல், ஆறு நிறத்தில்.

"தம்பி, நீதான் ஏழாவது."

இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அவர் எட்டாவது வீட்டுக்குப் போயிருப்பார். அத்தையின் சட்டப்படி அது செல்லாது, அது வேறு விஷயம். ஆனால் செடி பிழைத்திருக்கும். நான் சொன்னது இது:

"அடுப்பு இப்பத்தான் அணைச்சேன் நைனா, இன்னும் சூடா கீது. மத்தியானம் நானே கொண்டாந்து தர்றேன்."

"ஆங், அதுக்கென்னா தம்பி. பொழுது சாயறதுக்குள்ள குடுத்துடு."

ஸ்டேஷனில் யார்டு ஓரமாக ஒரு குழி உண்டு. கூட்ஸ் இன்ஜின்காரர்கள் நெருப்பைத் தட்டி, எரிந்து போன நிலக்கரிச் சாம்பலை அதில் கொட்டுவார்கள். மத்தியானம் ஒரு மண்ணெண்ணெய் டின்னில் அதை வாரிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாம்பலில் கட்டி கட்டியாகக் கிடந்தது. மனைவியின் மாவுச் சல்லடையை எடுத்துச் சலித்தேன். நல்ல சாம்பல் நிறத்தில் மெத்தென்று விழுந்தது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மற்ற ஆறு வீட்டிலும் ஆளுக்கு ஒரு கை கொடுத்திருந்தார்கள். பொய் சொன்ன உறுத்தலுக்கு ஈடாக நான் ஒரு டின் கொடுத்தேன்.

"ஒரு கை போதுமே தம்பி."

"நமக்குள்ள என்னா நைனா, வெச்சிக்குங்க. பதினஞ்சு செடி இல்ல?"

"கொஞ்சம் கரகரன்னு கீதே?"

"கரி அடுப்பு. அப்டித்தான் இருக்கும்."

நல்ல மனசு என்று சொல்லி, டின்னைத் தோளில் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் விடியலில், இலையில் தண்ணீர் தெளித்து, ஈரம் காய்வதற்குமுன், செடியெல்லாம் வெளுக்கத் தூவினார். மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல் வேரைச் சுற்றிக் கொட்டிக் கிளறிவிட்டார். மூன்றாம் நாள் இலைகள் ஓரத்தில் கருகின. ஐந்தாம் நாள் காய்ந்த வெற்றிலை மாதிரி சுருண்டு, கை பட்டதும் உதிர்ந்தன. மாவுப்பூச்சியும் செத்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

டீச்சரம்மா போய் வேரடி மண்ணை ஒரு பிடி எடுத்துக் கிணற்றடிக்குக் கொண்டுவந்து முகர்ந்தார்.

"கந்தக வாசனை வருது. இது அடுப்புச் சாம்பல் இல்ல. யார் வீட்லேர்ந்து வந்துச்சு?"

கிணற்றடியில் எல்லோரும் இருந்தார்கள். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வை என் பக்கம் திரும்புவதற்குள் நான் வாயைத் திறந்தேன்.

"டீச்சரம்மா வீட்டு அடுப்பாத்தான் இருக்கும். ஜெபத்துல சூடு ஜாஸ்தி."

சிரித்தார்கள். டீச்சரம்மாவும் சிரித்து, மண்ணைக் கீழே போட்டுவிட்டார். விஷயம் அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. யாரோ, "எல்லாம் இந்த அத்தையோட நகரி வைத்தியம்" என்றார்கள். அத்தை நிரம்பாத குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அந்தக் கோடை முழுக்க அவள் யாருக்கும் யோசனை சொல்லவில்லை. அவளுடைய புளித்த மோரைப் பற்றி நான் அதற்குமுன் செய்த கேலியெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது.

நைனா யாரையும் குறை சொல்லவில்லை. "என் கைராசி அப்டி" என்றார்.

எல்லாக் கிளையையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டி, வேரடி மண்ணை மாற்றி, செடிக்கு இரண்டு வாளி தண்ணீர் விட்டுப் பார்க்கலாம் என்றார் டீச்சரம்மா. ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. தண்ணீர் நான் ஊற்றுகிறேன் என்றேன். தினம் விடியலில், கிணறு இரவெல்லாம் ஊறியிருக்கும் நேரத்தில், டியூட்டிக்குப் போகுமுன், முப்பது வாளி. இரண்டாம் நாளே உள்ளங்கை கொப்புளித்தது. நாலாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டு, ஸ்டேஷனில் மூட்டைகளைக் குனிந்து எண்ண முடியாமல் நின்றபடியே குத்துமதிப்பாக எழுதினேன்.

தெருவில் எனக்குப் பெயர் ஏறியது. "இந்தக் காலத்துல இப்டி ஒரு புள்ளயா!" என்றார்கள். தண்ணீர் முறையில் கேட்காமலே என்னை முன்னால் விட்டார்கள். நைனாவின் மகள் ஒருநாள் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். ஜுரத்தில் உதிர்ந்த முடி அவளுக்கு அப்போதுதான் தோள் வரை வளர்ந்திருந்தது. "அண்ணா, போதும், நாங்க ஊத்திக்கறோம்" என்றாள். மோரைக் கீழே வைத்துவிட்டு அடுத்த வாளியை எடுத்தேன்.

ஒன்பது செடிகள் துளிர்க்கவேயில்லை. ஆறு துளிர்த்தன.

கிருத்திகையன்று காலையில் அந்த ஆறும் கொடுத்த பூ, கட்டினால் இரண்டு முழம். அத்தை தன் கொல்லைக் கனகாம்பரம் முழுவதையும் மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். நைனா கும்பிட்டு மறுத்துவிட்டார். "நான் சொன்னது என் கைப் பூ அத்தை." சந்தையில் நான் முந்தின நாளே வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த மல்லிகை, என் வீட்டிலேயே கிடந்து வாடியது. விடியலில் யாருக்கும் தெரியாமல் அதை அந்தச் செடிகளின்மேல் சொருகி வைத்துவிடலாம் என்று எனக்கு ஒரு யோசனை இருந்தது. வேலி வரை போனேன். மலை மேல் இருப்பவரை ஒரே வருஷத்தில் இரண்டு தரம் ஏமாற்ற எனக்குத் தைரியம் வரவில்லை.

ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் பர்மிஷன் வாங்கிக்கொண்டு அவருக்கும் மகளுக்கும் பின்னால் படியேறினேன். முன்னும் பின்னும் காவடிகள், மூங்கில் தெரியாமல் பூவால் மூடியவை, தோட்டமே எழுந்து நடப்பது மாதிரி. நைனாவின் காவடியில் வளைவின் உச்சியில் இரண்டு முழம் மல்லிகை. மீதியெல்லாம் மஞ்சள் பூசிய வெறும் மூங்கில்.

பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் பார்த்துவிட்டு, "ஐயையோ, பூவெல்லாம் கூட்டத்துல உதுந்துபோச்சா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. பூத்ததே இவ்ளோதான்" என்றார் நைனா.

சந்நிதியில் காவடியை இறக்கிவிட்டு அவர் வேண்டிக்கொண்டது எனக்குக் கேட்டது. வேண்டிக்கொள்ளும்போது அவர் சத்தமாகத்தான் பேசுவார், தறிச் சத்தத்தில் பேசிப் பழகிய தொண்டை. "குறைச்சலாத்தான் கொண்டாந்தேன். மன்னிச்சுக்கப்பா. குத்தம் என் கையிலதான். பொண்ணு மேல வெச்சிடாத."

இறங்கும்போது பாதி வழியில் படியோரம் உட்கார்ந்தோம். நான் சொல்லிவிட்டேன். ஓட்டல் சாப்பாடு, பூனை, இன்ஜின் குழி, சல்லடை, ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே அழுகிற மாதிரி இருந்தது.

நைனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். மகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அடுப்புல பூனை குட்டி போட்டுச்சாம்! கேட்டியாம்மா? என்னைத் தேத்தறதுக்குப் பழிய தன் மேல போட்டுக்கினு தம்பி எப்டி ஜோடிக்குது பாரு!"

"நைனா, சத்தியமா..."

"மலை மேல வந்து பொய்ச் சத்தியம் பண்ணாத. சும்மா இரு" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். ஊருக்குள் போனதும் கிணற்றடியில் அவரே அந்தக் கதையைச் சொன்னார். அத்தைகூடச் சிரித்தாள். அவள் சிரித்து இரண்டு மாதமாகியிருந்தது. 'உன் வைத்தியத்தில் குற்றமில்லை' என்று அவளிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். "போடா, பெரிய தர்மராஜா" என்றாள்.

ஆவணியில் என் மனைவி குழந்தையோடு திரும்பி வந்தாள். முதல் நாளே சமையலறையிலிருந்து குரல் வந்தது. "ஏங்க, மாவு சலிக்கிற சல்லடையில என்னாத்த சலிச்சீங்க? கண்ணெல்லாம் கரி அடைச்சிகினு கீது." அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. என் கதையை நம்பிய ஒரே ஆள் அவள்தான். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அந்த மூன்று நாளும் எனக்குக் கொஞ்சம் நன்றாகத் தூக்கம் வந்தது.

அடுத்த கோடையில் நைனா மறுபடியும் பதினைந்து செடி கணக்காக்கி வைத்திருந்தார். போன தடவை குறைவாகக் கொடுத்ததற்கு இந்த ஆடியில் நிறைவாக ஒரு காவடி. வைகாசியில் மறுபடியும் மாவுப்பூச்சி. குற்றம் தன் கையில்தான் என்று நம்பியவர், அத்தையின் வைத்தியத்தை விடவில்லை. ஒருநாள் காலை எட்டு மணிக்கு முறத்தோடு கொல்லைக் கதவருகே வந்து நின்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முன்னால் போனாள். எரிந்துகொண்டிருந்த அடுப்பின் ஓரத்திலிருந்து, ஆறிய விறகுச் சாம்பலை ஒரு கை அள்ளி முறத்தில் போட்டாள்.

நைனா அதைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். முகத்தில் சின்னதாக ஒரு வருத்தம்.

"போன வருசம் தம்பி ஒரு டின்னே குடுத்துச்சும்மா" என்றார்.