வயரைப் பிடித்துக்கொண்டு நின்றவர்

போன கிழமை புது போன் ஒன்று வாங்கலாமென்று புளியந்தீவில் ஒரு கடைக்குப் போனேன். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஹெட்போன் வயர் குத்துகிற ஓட்டை உள்ள போன் வேண்டும். கமெராவைப் பற்றி நான் மூச்சே விடவில்லை.

கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) காத்தான்குடிக்காரர். எங்கள் அலுவலகத்தில் பாதிப்பேருடைய போன்களுக்கு உயிர் கொடுத்தவர். ஆனால் அன்றைக்கு அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே… மோட்டார் சைக்கிள் கடைக்குப் போய் மாட்டுவண்டிச் சில்லுக் கேட்டவளைப் பார்ப்பது மாதிரி.

"இப்ப ஆரு மிஸ் வயரெல்லாம் பாவிக்கிற?"

கேட்டதோடு விட்டாரா? கண்ணாடி அலுமாரியில் இருந்த போன்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். சார்ஜ் ஏற்றுகிற வாய் இருக்கிறது. காதுக்குப் போகிற வழியை மட்டும் அடைத்துவிட்டார்கள். யாரைக் கேட்டு அடைத்தார்கள்?

வாவிக்குள் துடுப்பை இறக்கி, அதன் மறுமுனையைக் காதில் வைத்து, மீன் பாடுகிறதா என்று கேட்டுப் பார்த்த ஊர் இது. சத்தத்துக்கும் காதுக்கும் நடுவில் தொட்டுக்கொண்டிருக்க ஏதாவது ஒன்று வேண்டும் என்பது எங்கள் பழக்கம். அதை நானாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, வேறு கடையில் கேட்டுப் பார்க்கிறேன் என்று தன் தம்பிக்குப் போன் போட்டார். அவர் காதில் வயர் இல்லை.

வயர் இல்லாமல் நானும் வாழ்ந்து பார்த்தவள்தான். என் தம்பியின் மகன் கட்டாரிலிருந்து வந்தபோது எனக்கென்று புதுப் போனும், புளியங்கொட்டை அளவில் இரண்டு வெள்ளைக் காதுத்துண்டுகளும் கொண்டுவந்தான். புளூடூத். மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். ஒருவித மிதப்பு இருந்தது, மறைக்கவில்லை.

நான் படுவான்கரைக்காரி. வேலைக்கு வருவதென்றால் வாவியைக் கடக்க வேண்டும். மோட்டார் சைக்கிள், மீன்பெட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அக்கரை போகிற பலகை மிதவையை இங்கே 'பாதை' என்போம். அந்தப் பாதையில் நின்றபடி, யாரோ கூப்பிட்டார்கள் என்று தலையைத் திருப்பினேன். வலது காதுத்துண்டு கழன்று, பலகையில் ஒருமுறை துள்ளி, தண்ணீருக்குள் போய்விட்டது. பக்கத்தில் நின்ற மீன்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை மிஸ், இனி மீன்களும் பாட்டுக் கேட்கட்டும் என்றார். பாதை முழுக்கச் சிரிப்பு.

வயராக இருந்திருந்தால் கழுத்திலே தொங்கியிருக்கும். இல்லையா?

அந்தப் புதுப் போனில் வயர் குத்த ஓட்டை இல்லை. அன்று மாலையே அலுமாரிக்குள் கிடந்த என் பழைய பொத்தான் போனை எடுத்துத் துடைத்தேன். அதன் ஸ்பீக்கர் எப்போதோ செத்துவிட்டது. அழைப்பு வந்தால் சத்தம் வராது, நடுக்கம் மட்டும்தான். ஆனால் வானொலி எடுக்கும். அதற்கும் ஹெட்போன் வயரைக் குத்தியாக வேண்டும். வயர்தான் அதற்கு ஏரியல். அந்த ஹெட்போனிலும் வலது பக்கம் வேலை செய்யாது, இடது பக்கம் மட்டுமே பேசும். இந்தப் பத்தியை வாரா வாரம் படிப்பவர்களுக்கு எங்கள் வீட்டுக்காரரின் வாயைத் தெரியும். உனக்கேற்ற போன்தான், ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லும் என்றார்.

பிறகு மாரி வந்தது.

மழை பிடித்தது, விடவில்லை. முதலில் கரண்ட் போனது. பிறகு டவர் போனது. ஊரில் நல்ல நல்ல போன்கள் இருந்தன. எல்லாம் ஒரே நாளில் முகம் பார்க்கிற கண்ணாடிகளாகிவிட்டன. சார்ஜ் மிஞ்சியிருந்த ஒன்றிரண்டிலும் வயர் குத்த இடமில்லை. றேடியோப் பெட்டி வைத்திருந்தவர்கள் அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டு வருடக்கணக்காகிறது. பாதையும் ஓடவில்லை, பஸ்ஸும் வரவில்லை. வெளியில் என்ன நடக்கிறது என்று சொல்ல எங்கள் பக்கத்தில் மிஞ்சியது, ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் நாள்கணக்கில் நிற்கிற என் ஒற்றைக் காது போன் மட்டும்தான்.

எங்கள் வீடு சற்று உயரமான நிலத்தில் இருக்கிறது. செய்தி நேரத்துக்கு அயலெல்லாம் குடையும் சாக்குமாக எங்கள் விறாந்தைக்கு வந்துவிடும். ஸ்பீக்கர் இல்லாததால் நான் காதில் வைத்துக் கேட்டு, வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு வசனம் கேட்பேன், ஒரு வசனம் சொல்வேன். விளம்பரத்தை விட்டுவிட்டால் சண்டைக்கு வருவார்கள். என்ன பாட்டுப் போகிறது என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்பார். பாடிக் காட்டவும் சொல்வார். நான் முறைப்பேன். அத்தனை வெள்ளத்திலும் சிரிக்க ஏதோ ஒன்று இருந்தது.

ஆனால் எல்லாரும் காத்திருந்தது ஒரே ஒரு செய்திக்குத்தான். ஆற்றுவாய் வெட்டியாச்சா?

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மற்ற நாட்களில் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் முகத்துவாரத்தில் மணல் மேடு கட்டி நிற்கும். வெள்ளம் ஏறினால் அந்த மணலைப் பெக்கோ இயந்திரம் வைத்து வெட்டிவிடுவார்கள், அதுதான் ஆற்றுவாய் வெட்டுவது. தண்ணீர் கடலுக்குப் பாயும், மூழ்கிய வயல்கள் தலையெடுக்கும். வயல்காரர்கள் எப்போது வெட்டுவீர்கள் என்று நிற்பார்கள். மீன்பிடிப்பவர்கள் பொறுங்கள் பொறுங்கள் என்பார்கள். வெட்டினால் வளர்ந்துவருகிற றாலெல்லாம் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடுமே. இரண்டு பக்கத்திலும் வயிறு இருக்கிறது. அதனால்தான் அது லேசில் முடிகிற விடயம் இல்லை.

இந்த இரண்டு பக்கமும் ஒரே வீட்டுக்குள் இருந்தால்?

எங்கள் அடுத்த வீடு அப்படித்தான். தவமணிக்கு வட்டையில் வயல். வட்டை என்றால் எங்கள் பக்கத்து வயல்வெளி. தாய்வழியில் வந்த சீதன நிலம். அவள் கணவர் யோகநாதனுக்கு வாவியும் தோணியும் வீச்சுவலையும். நிலம் அவள் சீதனம், ஆறு என் சீதனம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். போன வருடமும் வெள்ளத்தில் அவளுடைய பயிர் அழுகிப்போனது. இந்த வருடமும் போனால் கடையில் அரிசி வாங்கித்தான் சாப்பிட வேண்டும். வயல் வைத்திருக்கிற வீட்டுக்கு அதைவிட அவமானம் வேறில்லை. இளம்பயிர் தண்ணீருக்குள் கிடக்கிறது. இன்னும் ஒன்றிரண்டு நாள் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. அவருக்கோ, மாரி முழுக்க எதிர்பார்த்துக்கொண்டிருந்த றால்.

அந்த நாட்களில் இரண்டு பேரும் என் விறாந்தைக்குச் சேர்ந்தே வருவார்கள். அவள் எனக்கு முன்னால் குந்தியிருப்பாள். அவர் தூணோடு சாய்ந்து மழையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவள் வெட்டு வெட்டு என்று உள்ளே நேர்ந்துகொண்டிருப்பாள். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

ஒரு நாள் மத்தியானச் செய்தி. இடியும் மழையும். வானொலி போவதும் வருவதுமாக இருந்தது. 'முகத்துவாரம்' என்ற சொல் என் காதில் விழுந்தது. நான் கையை உயர்த்தினேன். விறாந்தை அடங்கிப்போனது. அடுத்த சொல்லுக்குள் இரைச்சல்.

தவமணிக்குப் பொறுக்கவில்லை.

"இஞ்ச தாங்கக்கா, நான் கேக்கன்" என்று என் காதில் இருந்ததைப் பிடித்து இழுத்தாள்.

வயர் அறுந்துவிட்டது. போனில் குத்துகிற முனைக்குக் கொஞ்சம் மேலே, சுத்தமாக இரண்டு துண்டு.

 தவமணி கையில் இருந்த துண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த முகத்தைப் பார்த்த எவருக்கும் வந்திருக்காது.

தூணை விட்டு வந்தது யோகநாதன்தான். இரண்டு துண்டையும் வாங்கினார். வலை கட்டுகிற கத்தியை இடுப்பிலிருந்து எடுத்துத் தோலைச் சீவினார். உள்ளே மயிர் மாதிரிச் செப்புக் கம்பிகள். தீக்குச்சியால் லேசாகச் சுட்டு, நிறத்துக்கு நிறம் சேர்த்து முறுக்கினார். வலை நூலால் கட்டியும் பார்த்தார். நிற்கவில்லை. அவர் ஒன்றும் வயர் வேலை தெரிந்தவர் இல்லை. கட்டுவார், கழன்றுவிடும். மறுபடி கட்டுவார், மறுபடி கழலும். கடைசியில் முனையைப் போனில் குத்தி, காதுத்துண்டை நான் மறுபடி காதில் வைத்தேன், அவர் முறுக்கிய இடத்தை இரண்டு விரலால் நசித்துப் பிடித்தார். அப்போது என் காதில், செய்திக்கு நடுவே வருகிற ஏதோ ஒரு விளம்பரப் பாட்டின் கடைசி வரி கேட்டது.

"பிடிச்சபடி நில்லுங்க" என்றேன்.

நின்றார். செய்தியின் முடிவில் தலைப்புகளைத் திரும்பச் சொல்வார்களே, அதற்காகக் காத்திருந்தோம். விரலை ஒரு நூல் அசைத்தாலும் வானொலி செத்துவிடும். சாரல் அடித்து முதுகு நனைகிறது. அவர் அசையவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மனிதன் யாருக்காக இந்த வயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்? தனக்கு வேண்டாத செய்தி ஒன்று தன் விரல் வழியாகத்தான் வரப்போகிறது என்று தெரியாதவரா? சும்மா விரலைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தால் போதும். யாருக்கும் தெரிந்திருக்காது.

செய்தி வந்தது. முகத்துவாரத்தில் ஆற்றுவாய் வெட்டப்பட்டுவிட்டது, வெள்ளநீர் கடலுக்குள் பாயத் தொடங்கியிருக்கிறது. நான் சொல்லில் சொல்லாகத் திருப்பிச் சொன்னேன். 

விறாந்தையில் ஒரே ஆரவாரம். தவமணி மட்டும் எழும்பவில்லை. அவள் கணவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இனி விடலாமா அக்கா?"

விடலாம் என்றேன். கையை உதறிவிட்டு, விரலில் ஒட்டியிருந்த கரியை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார். அப்போதுதான் தவமணி வாயைத் திறந்தாள். "றாலெல்லாம் போகப்போகுதே" என்றாள், அழுகையோடு. அத்தனை நாள் வெட்டு வெட்டு என்று நேர்ந்தவள்தான்.

"றாலுக்குக் கடலும் வீடுதானே. நெல்லுக்குப் போக வேற இடமில்லியே" என்றார் அவர்.

 

மறுநாள், தண்ணீர் மட்டம் பார்க்க வீட்டு வளவில் ஊன்றியிருந்த கம்பில் ஈரக்கோடு தெரிந்தது. தண்ணீர் இறங்கத் தொடங்கிவிட்டது. பள்ளத்துப் பயிர் போனது, மேட்டுப் பயிர் நிமிர்ந்தது. அந்த மாரி யோகநாதனுக்கு லேசாக இருக்கவில்லை. வெறுந்தோணியோடு அவர் திரும்பிய காலைகளை நான் பார்த்திருக்கிறேன். அறுவடை முடிந்ததும் தவமணி புது அரிசி கொண்டுவந்து தந்தாள். உங்கள் போனால்தான் அக்கா என்றாள். போனுக்கும் நன்றிதான். மழைக்குள் நின்று மணலை வெட்டிய, முகம் தெரியாத பெக்கோக்காரருக்கும் நன்றி. கரகரப்புக்குள்ளும் நிதானமாகச் செய்தி வாசித்த அந்தப் பெண்குரலுக்கும் நன்றி. ஆனால் அரிசியை வாங்கிக்கொண்டு நான் பார்த்தது வேலிக்கு அந்தப் பக்கம் வலை உலர்த்திக்கொண்டிருந்தவரை. கும்பிட வேண்டும் போல இருந்தது. கும்பிட்டால் அவர் வெட்கத்தில் ஓடிவிடுவார் என்று சும்மா இருந்துவிட்டேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பழைய போன் போன மாதம் ஒரேயடியாகக் கண்ணை மூடிவிட்டது. அதுதான் நானாவின் கடைக்குப் போன கதை. இதையெல்லாம் அவருக்கும் சொன்னேன். கேட்டு முடித்தவர் சிரிக்கவில்லை. உள்ளே போய், தூசு படிந்த ஒரு பெட்டிக்குள்ளிருந்து ஓட்டை உள்ள போன் ஒன்றைத் தேடி எடுத்து வந்தார்.

"இது ஒண்டுதான் மிச்சம் மிஸ். உங்களுக்குத்தான் கிடந்திருக்குப் போல."

கூடவே புது வயரும் தந்தார். அருமையான வயர். இரண்டு காதும் கேட்கிறது, இரைச்சல் இல்லை, ஸ்பீக்கரும் வேலை செய்கிறது.

பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய தேவை இல்லை… அது ஒன்றுதான் குறை.