டாக்டரம்மா கட்டிய சைக்கிள் பெட்டி

எந்தப் பொருளையும் உடையாமல் ஊர் கொண்டுசேர்க்கத் தெரிந்த ஒருத்தி, தான் மட்டும் ஏன் எந்த ஊருக்கும் போகவில்லை? டாக்டரம்மாவின் வாழ்க்கையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருந்திருக்காது. அவளுக்கே வந்ததுண்டு. "நான் கட்டின பெட்டியெல்லாம் கடல் தாண்டிப் போயாச்சு. நான் இன்னும் பஸ் ஸ்டாண்டைத் தாண்டலை" என்று சொல்லிவிட்டு, கேட்பவர் சிரிப்பதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் தானே சிரித்து முடித்துவிடுவாள்.

அவள் டாக்டர் இல்லை. ஆய்வகங்களுக்குக் கண்ணாடிக் குடுவைகளையும் அமிலக் குப்பிகளையும் அனுப்பும் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவின் மேற்பார்வையாளர். கட்டி முடித்த ஒவ்வொரு பெட்டியையும் லேசாக ஆட்டி, அதன்மேல் காதை வைத்துக் கேட்பாள். உள்ளே 'களுக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் போதும், பெட்டியைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டியதுதான். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பது போலிருக்கிறது என்று பேக்கிங் பிரிவில் யாரோ வைத்த பெயர், பஸ் ஏறி அவளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவள் கணவர்கூட, வாக்குவாதத்தில் தோற்கும்போதெல்லாம் "டாக்டரம்மா சொன்னா அப்பீல் உண்டா?" என்றுதான் எழுந்து போவார்.

அவர்கள் வீட்டுக்குள் வருகிறவர்கள் சோபாவில் உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம் கேட்கும். வாங்கிய நாளில் போர்த்தி வந்த பிளாஸ்டிக் தாளை அவள் இன்னும் எடுக்கவில்லை. டிவி ரிமோட்டுக்கு ஒரு உறை, அந்த உறை அழுக்காகாமலிருக்க இன்னொரு உறை. சத்தத்தைக் கூட்டும் பொத்தானை அழுத்துவதற்குள் செய்தி முடிந்துவிடும் என்பது கணவரின் குறை. இதையெல்லாம் மற்றவர்கள் கேலி செய்யும்வரை அவள் காத்திருப்பதில்லை. "எனக்குக் கல்யாணப் புடவை எடுத்தப்போ அட்டைப்பெட்டி நல்லாருக்குன்னுதான் அந்தக் கடையில எடுத்தேன்" என்பாள். அது முழுப் பொய்யும் இல்லை.

சைக்கிள் பயணம் தங்கையின் யோசனை. தங்கை நீச்சல் பயிற்சியாளர். முழங்கால் தேய்ந்துகொண்டே வந்தது. அறுவைச் சிகிச்சை தவிர வழியில்லை என்றும், அதற்குப் பிறகு நீண்ட தூரம் சைக்கிள் மிதிக்க முடியுமா என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றும் உண்மையான டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கே தங்கை அக்காவுக்குப் போன் செய்தாள். வேறொரு நாட்டில், ஒரு மலையூரிலிருந்து கடல்வரைக்கும் ஆற்றின் கரையோடு போகும் ஒரு பாதை இருக்கிறதாம். ஆபரேஷனுக்கு முன்னால் அதை ஓட்டிவிட வேண்டும், கூட வருவாயா என்று கேட்டாள்.

"நாம ரெண்டு பேரும் சேர்ந்து சைக்கிள் ஓட்டினதே இல்லைக்கா."

"என்னடி உளர்றே? ஸ்கூலுக்கு உன்னை வெச்சு இழுத்துட்டுப் போனதெல்லாம் யாரு?"

"அதான் சொல்றேன். வீட்ல ஒரு சைக்கிள். நீ ஓட்டுவே, நான் பின்னாடி. உன் முதுகைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை. ஒரு தடவை பக்கத்துல வா."

"வரேன்டி" என்றாள் டாக்டரம்மா. அடுத்த வாரமே ஒரு நல்ல சைக்கிள் வாங்கினாள். கடைக்காரர் அவளுடைய கால் நீளம், கை நீளமெல்லாம் பார்த்து இருக்கையையும் ஹேண்டில்பாரையும் சரிசெய்து கொடுத்தார். ஒரு வருடம் போல தினமும் விடிந்ததும் வெளியே போய் ஓட்டிப் பழகினாள். இருக்கையின் மேலிருந்த பாலிதீன் உறையை மட்டும் எடுக்கவில்லை. ஒவ்வொரு மிதிக்கும் அது 'சொரக் சொரக்' என்று சத்தம் போடும். தெரு முனையில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்க்காமலே வழி விடுவார்கள். "பெல் வாங்கற செலவு மிச்சம்" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் மதியம் கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வேலையைத் தொடங்கினாள். விமானத்தில் போக வேண்டுமானால் முன் சக்கரத்தைக் கழற்ற வேண்டும், பெடல்களைக் கழற்ற வேண்டும், ஹேண்டில்பாரைத் திருப்பிச் சட்டத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். சக்கரம் சுலபமாக வந்துவிட்டது. வலது பெடலும் வந்தது. இடது பெடல் அசையவில்லை. ஸ்பானரின் முனையில் ஒரு இரும்புக் குழாயைச் செருகிக்கொண்டு முழு பலத்தையும் போட்டாள்.

"இடது பக்கம் திருப்பினா கழலும்" என்றார் கணவர், சோபாவில் சரசரத்துக்கொண்டே. "உலகத்துல எல்லா நட்டும் அப்படித்தான்."

"அப்படித்தாங்க திருப்பறேன்."

"அப்போ உனக்கு பலம் பத்தல. தள்ளு."

அவரும் குழாயைப் பிடித்தார். பழக்கதோஷத்தில் அவருடைய வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது. இருவருமாக வியர்த்து விறுவிறுத்து நிற்கும்போதுதான் தங்கை வந்தாள். ஒரு நிமிடம் பார்த்தாள்.

"அக்கா, மாமா, ரெண்டு பேரும் சேர்ந்து அதைக் கழட்டலை. இறுக்கிட்டு இருக்கீங்க."

"என்னம்மா சொல்றே?"

"இடது பெடலுக்கு மட்டும் மரை எதிர்ப்பக்கம் மாமா. மிதிக்கும்போது கழலாம இருக்கணும்ல?"

கணவர் மெல்லக் குழாயைக் கீழே வைத்தார். "இதை முன்னாடியே சொல்லக் கூடாதா" என்று யாரைக் கேட்கிறார் என்று தெரியாமல் கேட்டுவிட்டு டீ போடப் போனார். டாக்டரம்மா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "ஒரு மணி நேரம் தம் கட்டிப் பின்னாடியே போயிருக்கேன்டி. கடல் வரைக்கும் போறேன்னு கிளம்பினவ." பெடல் ஒரு வழியாகத் தங்கையின் கையில்தான் கழன்றது.

அதற்குப் பிறகு நடந்தது அவளுடைய ராஜ்ஜியம். சட்டத்தின் ஒவ்வொரு குழாய்க்கும் கறுப்பு நுரை உறை போட்டாள். சங்கிலியைத் துணியில் சுருட்டினாள். பின்சக்கரத்துப் பக்கம் கியர் மாற்றும் பாகத்தைக் கழற்றி, குழந்தைக்குக் குல்லா மாட்டுவது போல பபிள் ஷீட்டில் பொதிந்தாள். முன் சக்கரம் மாட்டும் கவை வளைந்துவிடாமல் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கட்டை கொடுத்தாள். கம்பெனியில் மிச்சம் விழும் டேப் ரோல்களை எடுத்துப்போக அவர்களுக்கு அனுமதி உண்டு; அப்படிக் கொண்டுவந்த டேப்பால் ஒவ்வொரு பொதியையும் சுற்றினாள், எல்லாவற்றையும் ஒன்றோடொன்று சேர்த்துச் சுற்றினாள், பெட்டிக்குள் இறக்கினாள், ஸ்பானர் கத்தி எல்லாவற்றையும் உள்ளேயே ஒரு மூலையில் செருகினாள், மூடினாள், பெட்டியையும் சுற்றினாள். பிறகு லேசாக ஆட்டி, காதை வைத்தாள்.

"என்ன டாக்டரம்மா, மூச்சு இருக்கா?" என்றாள் தங்கை.

"சுத்தமா இல்லை. பேஷன்ட் ரெடி."

"என்னோடதைக் கொஞ்சம் கேட்டுப் பாரேன்."

தங்கையின் பெட்டி வாசலில் கணவரின் வேனில் கிடந்தது. சைக்கிள் கடையில் வாங்கிய பழைய அட்டைப்பெட்டி, உள்ளே நாலு துண்டு, வெளியே ஒரு கயிறு. ஆட்டினால் பாத்திரக் கடை போலச் சத்தம் வந்தது. டாக்டரம்மா காதை எடுத்துக்கொண்டாள். "இது பெட்டி இல்லடி. விபத்து. நடக்கிறதுக்கு முன்னாடியே கட்டி வெச்சிருக்கே."

"உன் பெட்டியை எமன் வந்தாலும் பிரிக்க முடியாதுக்கா."

"அவனுக்கும் வேற வேலை இருக்கும்ல, விட்டுட்டுப் போயிடுவான்."

மறுநாள் விமான நிலையத்தில் கணவர் இரண்டு பெட்டிகளையும் இறக்கிக் கொடுத்துவிட்டு, வேனை நிறுத்துமிடத்துக்குக் கொண்டுபோனார். பெரிய சாமான்களுக்கென்று தனியாக ஒரு மூலை. கயிறு கட்டிய பாத்திரக் கடை எந்தக் கேள்வியும் இல்லாமல் நகரும் பட்டையில் ஏறி இருட்டுக்குள் போய்விட்டது. டாக்டரம்மாவின் பெட்டி முன்னால் அதிகாரி நின்றுவிட்டார்.

"என்னம்மா இது?"

"சைக்கிள் சார்."

"சைக்கிளா? ஆசிட்னு எழுதியிருக்கே."

அவளுக்குப் புரியவில்லை. அவர் விரலால் காட்டினார். மஞ்சள் டேப்பில் சிவப்பு எழுத்து: எச்சரிக்கை, அமிலம். பக்கத்தில் ஒரு கையின் மேல் துளி விழுந்து புகைவது போல ஒரு படம். டேப்பின் நீளம் முழுக்க, பெட்டியின் எல்லாப் பக்கத்திலும், குறுக்கும் நெடுக்குமாக எச்சரிக்கை, அமிலம், எச்சரிக்கை, அமிலம். இத்தனை வருடம் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை கையால் இழுத்து ஒட்டிய டேப். அதில் எழுத்து இருப்பதை அவள் கண் எப்போதோ படிக்க மறந்துவிட்டது. அவளுக்கு அது வெறும் மஞ்சள்.

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். "அக்கா, வீட்ல நானும் இதைப் பார்த்தேன். உங்க கம்பெனி பேருன்னு நினைச்சேன்."

"நான் எழுதப் படிக்கத் தெரிஞ்சவதான் சார்" என்றாள் டாக்டரம்மா. "பார்த்தா நம்ப மாட்டீங்க."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டார். ஸ்கேன் செய்தார்கள். திரையில் சைக்கிள்தான் தெரிந்தது. இருந்தாலும் இந்த டேப்போடு விமானத்தில் ஏற்ற முடியாது என்றார். மேலே இருப்பதை உரித்துவிட்டு, வேறு டேப் ஒட்டி அனுப்பலாம்.

"நேரம் இருக்கா சார்?" என்றாள் தங்கை, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு.

"தாராளமா. கவுன்டர் இப்பத்தான் திறந்திருக்கு. பயப்படாதீங்க. உங்ககிட்ட கத்தி இருக்காம்மா?"

"இருக்கு சார். உள்ளே."

அவரே எங்கிருந்தோ ஒரு கட்டரும் பழுப்பு டேப் ஒன்றும் வரவழைத்தார். ஒரு ஊழியர் முழங்காலிட்டு மேல்மூடியைக் கீறினார். டேப்புக்குள் டேப் வந்தது. கடைசியில் மூடி திறந்தபோது உள்ளே பொதிந்த குழாய்கள், சக்கரம், எல்லாவற்றின் மேலும் மஞ்சளும் சிவப்பும்.

"உள்ளேயும் இதேதானா?" என்றார் அதிகாரி.

"உள்ளேயும்தான் சார். நான் செய்யறதை அரைகுறையா செய்ய மாட்டேன்."

இந்த முறை அவர் வாய்விட்டுச் சிரித்தார். "சரி விடுங்க. எல்லாத்தையும் உரிச்சிட்டு, நாங்களே இந்த டேப் போட்டுக் கட்டிக் குடுத்துடறோம். பத்திரமாப் போய்ச் சேரும்."

ஊழியர் கட்டரை அடுத்த பொதியின் மேல் வைத்தார். டாக்டரம்மா குனிந்து திறந்த பெட்டிக்குள் பார்த்தாள். பின் கையை நீட்டி மூடியை மெதுவாகச் சாத்தினாள்.

"வேண்டாம் சார். நன்றி. இது வரலை."

"அக்கா?"

"உங்க மாமாவுக்குப் போன் பண்ணு. வேன் இன்னும் பார்க்கிங்கைத் தாண்டியிருக்காது. வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லு."

"பைத்தியமா உனக்கு? நேரம் இருக்குன்னு சார் சொல்றாருல்ல?"

"இருக்கு."

"அப்புறம் என்ன? ஒரு வருஷம் ஓட்டிப் பழகினியே! உன் காலுக்கு அளவெடுத்த சைக்கிள் அது."

"ஆமா."

"அங்க வந்து எதுல ஓட்டுவே? பின்னாடி ஓடியே வருவியா?"

"அங்கே வாடகைக்குக் குடுப்பாங்கல்ல? எதையாவது குடுக்கட்டும். கூடை வெச்சதா இருந்தாலும் பரவாயில்லை. உன் பக்கத்துலதான் வருவேன்."

தங்கை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபமா, பிடிவாதமா, வருத்தமா என்று ஒன்றும் பிடிபடவில்லை. "ஏன்க்கா?" என்று கேட்டாள்.

"இவ்வளவு நாளா பெட்டிதானே போச்சு, நான் நின்னேன். இந்தத் தடவை அது நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வரிசையில் போய் நின்றாள்.