இரண்டு வைத்தியருக்கும் நான் சொல்லாதது

ஸ்கந்தபுரம் சந்தியிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்த அன்றுதான் என் காலில் ஏதோ பிழை என்று ஒப்புக்கொண்டேன். அரை மைல் நடந்திருக்கிறேன். மற்றச் செருப்பு கழன்றதே தெரியவில்லை.

"மற்றது எங்கையப்பா?" என்றாள் மனைவி.

"அறுந்துபோச்சு, எறிஞ்சிட்டன்."

பொய் சொல்லும் நரம்புகள் மட்டும் நன்றாக வேலை செய்தன.

எனக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம், தினமும் அதற்குக் குளிசை. கிளினிக் டொக்டர் நைலோன் நூல் போன்ற ஒன்றால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். பாதி இடத்தில் ஒன்றும் உணரவில்லை; ஆனால் இரவில் பாதம் எரிகிறது என்றேன். நரம்பு பழுதாகியிருக்கிறது, பி12 விற்றமினும் குறைவு என்று ஊசியும் குளிசையும் எழுதித் தந்தார்.

ஒரு மாதமாகியும் பாத எரிவு குறையவில்லை. புளியங்குளத்தில் ஒரு சித்த வைத்தியரிடம் போனேன். பூச எண்ணெயும், சீனியைக் குறைக்கும் என்று குடிக்கச் சிறுகுறிஞ்சாத் தூளும் தந்தார்.

"இங்கிலீஸ் மருந்து பாவிக்கிறீங்களோ?"

"விட்டிட்டன் ஐயா."

விடவில்லை. அவர் மனம் நோகக்கூடாதே என்ற பெருந்தன்மை. கிளினிக்கிலும் தூளைப் பற்றி மூச்சு விடவில்லை. இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்புப் பலன் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினிகளைக் கேட்காமல் கலக்க வேண்டாம் என்று கமக்காரருக்குக் கூட்டம் போட்டே ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் நான். ஒரு கரண்டித் தூளை இரண்டாக்கினேன்.

ஒருநாள் காலையில் சீனிக் குளிசையும் போட்டு, தூளும் குடித்து, சாப்பிடாமலே எண்ணெய் வாங்க பஸ் ஏறினேன். புளியங்குளத்தில் இறங்கியதும் கை நடுங்கி வேர்த்துக் கொட்டியது. தேத்தண்ணிக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் என்னைப் பிடித்துக் கதிரையில் இருத்தி, நான்கு கரண்டி சீனி போட்டுக் கலக்கினார்.

"எனக்குச் சீனி வருத்தம்... போடாதேங்கோ," என்றேன் நாக்குக் குழற.

"எனக்கும்தான். உங்களுக்கு இப்ப சீனி இறங்கிட்டுது. முதல்ல குடியுங்கோ, பிறகு கதைப்பம்."

குடித்தேன். கொஞ்ச நேரத்தில் தலை தெளிந்தது. என்னென்ன எடுத்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

"டொக்டருக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"வைத்தியருக்கு?"

"இல்லை."

"அப்ப தேத்தண்ணிக் கடைக்காரன் எனக்கு மட்டும்தான் தெரியும்," என்றார். அவர் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

நடந்ததை அன்றிரவே மனைவியிடம் ஒப்புக்கொண்டேன். அடுத்த கிழமை அவள் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு இருவரிடமும் போனாள். சித்த வைத்தியர் தூளை நிறுத்திவிட்டார். டொக்டர் விற்றமினைத் தொடரச் சொன்னார். எண்ணெய் பூசலாம், ஆனால் சூடாக்கக் கூடாது, சுட்டாலும் எனக்குத் தெரியாதாம்.

எரிவு இப்போது கொஞ்சம் குறைவு. விற்றமின் என்கிறாள் மனைவி, எண்ணெய் என்கிறேன் நான். கால்விரல்கள் உணர்வில்லாமல் விறைத்திருப்பது அப்படியேதான். தினமும் காலையில் அவள் என் பாதங்களைத் திருப்பிப் பார்க்கிறாள். போன கிழமை குதிக்காலில் ஒரு முள் இருந்தது. அதை எடுத்துக் காட்டிய பிறகுதான் "ஆ" என்றேன்.