கனத்துப்போன கிளட்ச்

ஜப்பானில் உவெதா நகரத்துத் தராசுத் தொழிற்சாலையில் எடைக்கற்களைச் சரிபார்ப்பவராக இருந்தார் டகிசாவா மொரியோ. கைபட்டால் எடை மாறிவிடும் என்பதால், எடைக்கல்லை வெறுங்கையால் தொட்டவர் யாராக இருந்தாலும் அன்று முழுக்க அவரோடு பேசமாட்டார். ஓய்வுபெறும் வயது நெருங்கியபோது, இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரை திறக்கும் பழைய வெள்ளை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். பிள்ளைகள் இல்லாத வீடு. அவரும் மனைவி ஃபுமியேயும்தான்.

வாங்கியது அவர் என்றாலும் அதிகம் ஓட்டியது ஃபுமியே. பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை முடிந்ததும் புதன்கிழமை தோறும் சிகுமா ஆற்றங்கரைச் சாலை வழியாகக் கொமொரோவுக்குப் போய் வருவாள். அங்கே ஒரு பாட்டுக் குழுவில் பாடிக்கொண்டிருந்தாள். ஜனவரிக் குளிரிலும் கூரையைத் திறந்துவிட்டு, தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, காலடியில் ஹீட்டரை முழுதாக வைத்துக்கொண்டு போவாள். அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவித் துடைப்பது மொரியோவின் பங்கு.

ஒரு கோடையில் சுகதைரா மேட்டில் ஏறும்போது, முட்டைக்கோஸ் ஏற்றிய ஒரு வேன் அவரைத் தாண்டிப் போனது. அதன் பிறகுதான் என்ஜினின் சக்தியைக் கூட்டும் எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது.

ஊர்க் கோடியில் ஒனுமா என்பவரின் பட்டறை இருந்தது. சக்தியைக் கடைசியில்தான் தொடவேண்டும் என்பது ஒனுமாவின் முறை. முதலில் பிரேக், பிறகு ரேடியேட்டர், பிறகு அந்தச் சக்தியைத் தாங்கும் கிளட்ச், இதெல்லாம் ஆன பிறகே என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளிச் சக்தியைக் கூட்டும் டர்போ. தெருவில் ஓடும் கார் ஆகஸ்டு வெயிலில் சிவப்பு விளக்கில் நின்றாலும் கொதிக்கக்கூடாது. அரசுச் சோதனையில் தேறவேண்டும். விடியற்காலையில் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பக்கூடாது. மொரியோவுக்கு இந்த ஒழுங்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அந்தக் குளிர்காலம் முழுவதும் சாப்பாட்டு மேசையில் இதே பேச்சுதான். ஃபுமியே மிசோ சூப்பை ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள்.

முடிவு செய்யும் நாளில் அவளும் பட்டறைக்கு வந்தாள். தட்டிக்கு அப்பால், வாடிக்கையாளர் உட்காரும் மூலையில் அவளுக்குப் பார்லி டீ கொடுத்து உட்காரவைத்தார்கள். இந்தப் பக்கம் பந்தயத் திடலுக்குக் கார் கொண்டுபோகும் மூன்று பேர் நின்றிருந்தார்கள். கையிருப்பில் உள்ள கிளட்ச் கெட்டியானது, ஆனால் பெடல் கனக்கும் என்றார் ஒனுமா. காலுக்கு இலகுவான வேறொரு வகையும் உண்டு. அதை வரவழைக்க ஜூன் மழைக்காலம்வரை ஆகும்.

"டகிசாவா சான், இதைப் போட்டா நெரிசல்ல இடது கால் செத்துப்போயிடும். வீட்ல வேற யாராச்சும் ஓட்டுவாங்களா?"

நின்றிருந்தவர்களில் ஒருவன் முந்திக்கொண்டான். "வீட்டம்மா ஓட்டுறதா இருந்தா டர்போவோட ஒரு காய்கறிக் கூடையும் மாட்டிக் குடுத்துடுங்க."

மற்ற இருவரும் சிரித்தார்கள். மொரியோவின் காது சிவந்தது.

"நான் மட்டும்தான் ஓட்டுவேன்" என்றார்.

திரும்பும் வழியில் ஃபுமியே ஆற்றில் நின்ற கொக்குகளைப் பற்றிப் பேசினாள். நாலு பேர் முன்னால் மனைவியைப் பெருமையாகப் பேசாமல் இருப்பது மரியாதைதானே என்று அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

வசந்தத்தில் கார் வந்தது. திட்டத்தில் எதிர்பார்த்த சக்தி அப்படியே கிடைத்திருந்தது. சுகதைரா மேடு இப்போது ஒன்றுமே இல்லை. முதல் புதன்கிழமை ஃபுமியே எடுத்துப் போனாள். ரயில்வே கேட்டுக்கு முன்னால் உள்ள ஏற்றத்தில் கார் மூன்று முறை நின்றுபோயிற்றாம். பின்னால் ஒரு பேருந்து ஹாரன் அடித்ததாம். சாவியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, முட்டி கொஞ்சம் வலிக்கிறது என்றாள். பழகிவிடும் என்றார் அவர். அடுத்த புதன் அவள் ரயிலில் போனாள். அதன்பிறகு பாட்டுக் குழுத் தோழி மசுயோவோடு போகிறேன் என்றாள். யாருடைய வண்டியில், யார் ஓட்டி என்று அவர் கேட்கவில்லை. காருக்கு ஆயில் கூலர் மாற்றுவதில் மும்முரமாக இருந்தார்.

மறு வருடம் ஆகஸ்டு வாணவேடிக்கையன்று இருவரும் பாலத்தருகே நெரிசலில் மாட்டிக்கொண்டார்கள். கார் ஊர்ந்தது, நின்றது, ஊர்ந்தது. கிளட்சை மிதித்து மிதித்து மொரியோவின் தொடை நடுங்க ஆரம்பித்தது. பக்கத்தில் ஃபுமியே தன் இடது முட்டியைத் தடவிக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தக் கையைப் பார்த்தார். வாணம் ஒன்றும் அவர் கண்ணில் படவில்லை.

மறுநாளே ஒனுமாவிடம் போனார். இலகுவான கிளட்ச் போடவேண்டும், அது தாங்கும் அளவுக்கு டர்போவின் அழுத்தத்தைக் குறைக்கவேண்டும் என்றார்.

"ஃபுமியே ஓட்டணும். அன்னிக்கு நீங்க சரியாத்தான் கேட்டீங்க. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

ஒனுமா காரின் முன்மூடியைத் திறந்தார்.

வேலை முடிந்தபோது இலையுதிர்காலம். புதன்கிழமை மாலை மொரியோ கொமொரோவுக்குப் போய்ப் பாட்டுக் கூடத்தின் வாசலில் காத்திருந்தார். மசுயோவின் கையைப் பிடித்தபடி ஃபுமியே வெளியே வந்தாள். அவர் சாவியை நீட்டினார். அவள் கதவைத் திறந்து உட்கார்ந்து பெடலை ஒரு முறை மிதித்தாள்.

"லேசா இருக்கே" என்றாள். பிறகு இறங்கிவிட்டாள். "மசுயோவுக்குக் கண்ணு சரியில்லைங்க. அவ வண்டியை நான்தான் ஓட்டிட்டு வர்றேன். எப்படி விட்டுட்டு வர்றது?"

"அடுத்த வாரம்?"

"அடுத்த வாரமும் அப்படித்தான்."

மொரியோ கார்க் கதவைச் சாத்தினார். "ஒனுமா பட்டறையில அன்னிக்கு நான் சொன்னது..."

"கேட்டுச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே நீ."

"நாலு பேர் முன்னாடி உங்களைத் திருத்துறதா?" என்றாள் ஃபுமியே. குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "குளிருது. கூரையை மூடிக்கிட்டு வாங்க."

மசுயோவின் சின்ன மஞ்சள் கார் கிளம்பிற்று. கியர் மாற்றத் தேவையில்லாத வண்டி. மொரியோ பின்னாலேயே போனார். ஆற்றங்கரை வளைவுகளில் ஃபுமியே முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, வளைவு திறக்கும் இடத்தில் சீராக வேகம் கொடுத்தாள். அவள் இவ்வளவு அழகாக ஓட்டுவாள் என்பதை அவர் அன்றுதான் பார்த்தார். அவள் ஓட்டும்போது அவர் ஒருநாளும் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. நேர்ச்சாலை வந்தது. முந்திப் போக வழி இருந்தது. அவர் மூன்றாவது கியரிலேயே, அவள் ஓட்டிய காரின் சிவப்புப் பின்விளக்குகளைத் தொடர்ந்து வீடுவரை வந்தார்.